சமையலறைக்குள் உருண்டு வந்த பெக்கொரினோ

எல்வேசியோ பன்னாச்சியை எங்கள் ஊரில் யாரும் வெறுத்ததில்லை. ஆனால் அவர் தெருமுனையில் திரும்புவது தெரிந்தால் போதும், எல்லோரும் எதையாவது நகர்த்தி வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் ஸ்கூட்டரை, ஒருவர் நாற்காலியை, ஒருவர் தக்காளிக் கூடையை. பொஜ்ஜெத்தோ நகராட்சிக்கு இருந்த ஒரே போக்குவரத்துக் காவலர் அவர்தான். வெள்ளைத் தொப்பி, பளபளவென்று தேய்த்த ஷூ, இடுப்பு பெல்ட்டில் ஓர் அளவு நாடா. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால், "அதுக்கு நேரம் ஒதுக்கல" என்பார், ஏதோ பல் மருத்துவரிடம் போக மறந்தவர் மாதிரி.

நான் ஊர் மருந்துக்கடைக்காரி. அதனால் அவருடைய வயிறு வரைக்கும் எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை செரிமான மாத்திரை வாங்க வருவார்.

"ராத்திரி என்ன சாப்பிடறீங்க?"

"சீஸ்."

"என்ன சீஸ்?"

"வெள்ளை சீஸ்."

இத்தாலியில் எங்கள் அம்ப்ரியா மலைப்பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதன் இப்படிப் பதில் சொல்வது, கடலோரத்தில் பிறந்தவன் "ஏதோ மீன்" என்று சொல்வது போல. ஃபிரிட்ஜைத் திறந்து, அதன் வெளிச்சத்திலேயே நின்றுகொண்டு, பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி ரொட்டியோடு விழுங்கி, கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போவார். முப்பது வருடமாக அதே கதை. ஃபிரிட்ஜ் கதவு மூடினால் சாப்பாடு முடிந்தது.

தொண்ணூற்றேழாம் வருடம் பிப்ரவரியில் தபால் நிலையத்துக்கு மாற்றலாகி ரொசால்பா வந்தாள். தெற்கே, நேப்பிள்ஸுக்கு உள்ளே தள்ளியிருக்கும் மலைக்காரி. நாற்பத்தெட்டு வயது. சத்தமாகச் சிரிப்பாள், அதைவிடச் சத்தமாகத் தபால் முத்திரை குத்துவாள். என் கடைக்கு நேர் எதிர் வீட்டில் குடிவந்தாள். தெருக்கதவைத் திறந்தால் நேரே சமையலறைதான் அந்த வீட்டில். வந்த வாரமே கதவருகே மூன்று பெரிய மண்தொட்டிகளில் ஜெரேனியம் செடி வைத்தாள். இரண்டாம் வாரம் எல்வேசியோ நாடாவோடு குனிந்தார். எந்தப் பெண்ணையும் மரியாதையாக 'சிஞ்ஞோரா' என்றுதான் அழைப்பார்.

"சிஞ்ஞோரா, பதினோரு சென்டிமீட்டர்."

"என்னது பதினோரு?"

"தொட்டி ரோட்டுக்குள்ள வந்திருக்கு."

"ரோட்டுக்கு வலிக்குதாமா?"

"சட்டம்னா சட்டம், சிஞ்ஞோரா."

"சரி, எடுக்கறேன். ஆனா இந்தத் தொட்டி இல்லாம எந்தக் கழுதையாவது என் வீட்டுக்குள்ள நுழைஞ்சா, நீங்கதான் வந்து பிடிச்சுக்கிட்டுப் போகணும்."

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன். எதையும் எழுதிக்கொள்பவர்தான் அவர். தொட்டிகள் கொல்லைப்புறம் போயின. அன்றிலிருந்து ரொசால்பா அவருக்கு வைத்த பெயர் "அளவுநாடா."

மே ஒன்றாம் தேதி எங்கள் ஊரில் சீஸ் உருட்டும் ஆட்டம். மேலூர், கீழூர் என்று இரண்டு கட்சி. நான்கு கிலோ எடையுள்ள, வருடம் முழுக்கக் காய்ந்து கல்லாகிப்போன ஆட்டுப்பால் சீஸ் வட்டு ஒன்று. அதுதான் பெக்கொரினோ. அதைச் சுற்றித் தோல்வாரை இறுக்கிச் சுற்றி, பம்பரம் விடுவது போலச் சுண்டி ரோட்டில் ஓடவிடுவார்கள். மாதா கோயில் வாசலில் தொடங்கி, பழைய நீரூற்றைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். குறைந்த வீச்சில் முடிக்கிற கட்சிக்குத்தான் அந்த வட்டு. நடுவர் எப்போதும் எல்வேசியோ. ஆட்டத்தின் விதிகள் எழுதிய பழுப்பேறிய சிறு புத்தகம் அவர் சட்டைப்பையில்.

அன்று விடுமுறை நாளில் கடை திறக்கும் முறை எனக்கு. ஆகவே நடந்ததை வாசலில் நின்றபடி முழுதாகப் பார்த்தேன்.

மேலூர்க்காரன் தர்ச்சீசியோ வீசினான். குழாய் ரிப்பேர் செய்பவன். கை உலக்கை, வயிறு பீப்பாய். வட்டு எங்கள் தெருவின் சரிவில் ஜோராக வந்தது. நடுவே ஒரு கல் தட்டியது. லேசாக எகிறியது, இடதுபக்கம் சாய்ந்தது, தொட்டிகள் இருந்த இடத்தின் வழியே, திறந்திருந்த கதவுக்குள் விருந்தாளி மாதிரி நுழைந்துவிட்டது.

உள்ளே ஒரு 'டங்'. பிறகு ஒரு 'கிர்ர்ர்'. பிறகு ரொசால்பாவின் குரல்: "யாருடா அது!"

அறுபது பேர் வாசலில் கூடிவிட்டோம். சமையல்மேசையின் காலைச் சுற்றி ஒரு வலம் வந்து, அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றிருந்தது வட்டு. ரொசால்பா இடதுகாலை அதன்மேல் வைத்து, கையில் மரக்கரண்டியோடு நின்றாள், பாம்பு அடித்தவள் போல. எல்வேசியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சிஞ்ஞோரா, தயவுசெஞ்சு காலை எடுங்க. அதைத் தொடக் கூடாது. ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு."

"என் அடுப்பாங்கரையிலயா?"

"வட்டு எங்க நிக்குதோ அங்கிருந்துதான் அடுத்த வீச்சு. ஒன்பதாவது விதி."

கீழூர்க்காரன் நத்சரேனோ, முடிதிருத்துபவன், குச்சி போல் இருப்பான், கூட்டத்தைப் பிளந்துகொண்டு தலையை நீட்டினான். "ஆமா ஆமா! வெளியே எடுத்துட்டுப்போய் வீசினா நாங்க ஒத்துக்க மாட்டோம். உள்ளேர்ந்தே வீசச் சொல்லுங்க அந்த யானைய!"

"யாருடா யானை?" என்றான் தர்ச்சீசியோ.

"உனக்கே தெரியல பாரு!"

ரொசால்பா எல்வேசியோவையே பார்த்தாள். "என் தொட்டி மூணும் வாசல்ல இருந்திருந்தா இது உள்ள வந்திருக்குமா?"

எல்வேசியோ வாசலைப் பார்த்தார். தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். வட்டு வந்த கோட்டைக் கண்ணாலேயே அளந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் பாவம்.

"வந்திருக்காது, சிஞ்ஞோரா."

"சத்தமா சொல்லுங்க."

"வந்திருக்காது!"

கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலிலேயே ரொசால்பாவின் கோபம் பாதி கரைந்துவிட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். முப்பது வருடம் அரசாங்க வேலை பார்த்திருக்கிறாள். தப்பு என் மேல்தான் என்று சொன்ன ஒரு சீருடையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாளாம்.

காலை எடுத்தாள். "வீசுங்க. ஆனா மேசைய நகர்த்தக் கூடாது. ரிக்கோத்தா வடியுது."

மேசைமேல் ஒரு நாணல் கூடையில், வெண்பஞ்சு போல, அன்று காலையில் அவள் செய்த ரிக்கோத்தா என்ற இளஞ்சீஸ் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த சந்தில் தர்ச்சீசியோவின் வயிறு நுழைய மறுத்தது. பக்கவாட்டில் முயன்றான், மூச்சை இழுத்துப் பிடித்து முயன்றான். கடைசியில் நாலுகாலில் தவழ்ந்து மேசைக்கடியில் போனான். உள்ளே ஒரு செருமல். அதன் பின் தோல்வார் சுற்றும் சத்தம்.

"எனக்குக் கதவு தெரியல!"

"நேரா வீசு!" என்றது மேலூர்.

"கும்பிட்டுட்டு வீசு!" என்றது கீழூர்.

எல்வேசியோ கதவோரமாய் நின்று கையைத் தூக்கினார். வட்டு புறப்பட்டது. வாசலில் நின்ற அறுபது பேரும் ஒரே தாவலாக இரண்டாகப் பிரிந்தோம். மண்டபத்தை விட்டு ஓடும் மாப்பிள்ளை மாதிரி அது ரோட்டைக் குறுக்கே கடந்து, என் காலருகே பறந்து, என் கடைக்குள் நுழைந்து, இருமல் மருந்து அடுக்கியிருந்த கருங்கல் மேடையில் மோதிச் சிதறியது. என் கடை முழுக்க ஆட்டுக்கொட்டில், காய்ந்த புல், வால்நட் எல்லாம் கலந்த ஒரு மணம். மூன்று வாரம் போகவில்லை அது. ஜலதோஷத்தோடு வந்தவர்களுக்கு மூக்கு திறந்துகொண்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை.

வட்டு உடைந்தால் எந்தத் துண்டு பெரியதோ அதை வைத்து ஆட வேண்டும். பதினான்காவது விதி. பொறுக்கியதில் பதினேழு துண்டு. அவற்றில் இரண்டு பெரியது. ஒன்று மேடைக்கடியில், இன்னொன்று வாசற்படியில். எது அதிகப் பெரியது? மேடைக்கடியில் இருப்பது என்றால் கீழூருக்கு லாபம், வாசற்படி என்றால் மேலூருக்கு. கத்தல், கையாட்டல். எல்வேசியோ இரண்டு கையையும் உயர்த்தினார்.

"தராசு!"

என் கடையில் இருந்த துல்லியமான தராசு, பிறந்த குழந்தைகளை எடைபோட வாடகைக்குக் கொடுக்கும் தராசுதான். முதல் துண்டை அந்தத் தொட்டிலில் படுக்கவைத்தேன்.

"அறுநூத்து நாப்பது கிராம்."

"வாழ்த்துகள், தாயும் சேயும் நலமா?" என்றான் நத்சரேனோ.

இரண்டாவதைப் படுக்கவைத்தேன். அறுநூற்று நாற்பது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே அறுநூற்று நாற்பது.

எல்வேசியோ புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். உதடு மட்டும் அசைந்தது. கடைசி அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"இதுக்கு விதியே இல்ல," என்றார்.

சொல்லிவிட்டு, தராசுத் தொட்டிலில் சொகுசாகப் படுத்திருந்த சீஸைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு! முப்பது வருடமாக ஊரே கேட்டிராத சிரிப்பு. விக்கல் போல ஆரம்பித்து, குதிரை கனைப்பது போல விரிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, என் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு தொற்றிக்கொள்ளாதா? தர்ச்சீசியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். நத்சரேனோ அவன் முதுகில் சாய்ந்தான். மேலூரும் கீழூரும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிரித்தது அந்த ஒருநாள்தான்.

"ஆட்டம் சமன்!" என்று எல்வேசியோ மூச்சுவாங்க அறிவித்தார். "சீஸ் ரெண்டு பேருக்கும் பொது!"

"அப்போ என்ன நிக்கறீங்க?" என்று எதிர்வீட்டிலிருந்து ரொசால்பா கூப்பிட்டாள். "எல்லாத்தையும் இங்க கொண்டாங்க. நாற்காலி அவங்கவங்க எடுத்துட்டு வரணும்!"

தெருவில் மேசை மேசையாக வந்து சேர்ந்தன. மே மாதம், எல்லோர் தோட்டத்திலும் பச்சை மொச்சை. கூடை கூடையாகக் கொட்டினார்கள். உரித்து, பச்சையாகவே, ஒரு விள்ளல் பெக்கொரினோவோடு வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். மொச்சையின் பச்சைக் கசப்பும் சீஸின் உப்பும் சேரும்போது பேச்சு தானாக நின்றுவிடும். ரொசால்பா சும்மா இருப்பாளா? ரிக்கோத்தாவை எடுத்து வந்தாள், இன்னும் வெதுவெதுப்பாக, மேலே தேன் ஊற்றி. பிறகு ஓர் இரும்புச் சட்டியில் கரித்தணலைப் போட்டு, அதன்மேல் முக்காலி நிறுத்தி, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கச்சோகவால்லோவைக் கயிற்றில் தொங்கவிட்டாள். பெரிய பேரிக்காய் வடிவத்தில் கழுத்தில் கயிறு கட்டிய பசும்பால் சீஸ் அது. தணலின் சூட்டில் அதன் அடிப்பாகம் மெல்ல இளகி, தொங்கி, பொன்னிறமாகச் சொட்டத் தயாரானபோது, சுட்ட ரொட்டியைக் கீழே நீட்டி வழித்தாள்.

முதல் ரொட்டியை எல்வேசியோவிடம் நீட்டினாள்.

"எனக்கு ராத்திரிக்குத்தான் சீஸ்," என்றார் அவர்.

"வாயைத் திறங்க."

திறந்தார். கடித்தார். சீஸ் நூலாக நீண்டது. ரொட்டியை எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் நூல் அறவில்லை. கை முழு நீளத்துக்கும் போய்விட்டது.

"எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டாள் ரொசால்பா.

அவர் நிஜமாகவே இடுப்பு நாடாவைத் தேடினார். தெருவே அதிர்ந்தது.

அன்று சாயங்காலம்வரை அவர் அவள் பக்கத்து நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கு அடுத்த மேசை. காதை மூடிக்கொள்ளவா முடியும்?

"தினமும் என்ன சாப்பிடுவீங்க?"

"வெள்ளை சீஸ். ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து."

"எடுத்து?"

"சாப்பிட்டுருவேன்."

"எடுத்தவுடனேயா? ஐயையோ! குளிர்ல நடுங்கறவன்கிட்ட பாட்டுப் பாடச் சொன்னா பாடுவானா? ஒரு மணி நேரம் முன்னாடி எடுத்து வெளிய வைக்கணும், அளவுநாடா. மேல ஒரு துணி. அப்புறம் பாருங்க, அது பேச ஆரம்பிக்கும்."

"ஒரு மணி நேரம். சரியா அறுபது நிமிஷமா?"

"அம்பத்தெட்டு நிமிஷத்துல சாப்பிட்டா நான் என்ன கைதா பண்ணப்போறேன்?"

மறுநாள் காலை தபால் நிலையம் திறந்ததும் முதல் ஆளாக எல்வேசியோ நின்றார். ஒரு தபால்தலை வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேசிச்சு," என்றார்.

"என்ன சொல்லிச்சு?"

"கொஞ்சம் புளிப்பா, வெண்ணெய் மாதிரி… பால்காரர் வீட்டு வாசல் மாதிரி."

அதிலிருந்து தினம் ஒரு தபால்தலை, தினம் ஒரு கேள்வி. தோலைச் சாப்பிடலாமா? எந்தச் சீஸின் தோல் என்பதைப் பொறுத்தது. பார்மிஜானோ தோலைத் தூக்கிப் போடக் கூடாது, அவரைக்கொட்டை சூப்பில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். ஒரே தட்டில் நாலு வைத்தால் எதை முதலில்? சாதுவானதிலிருந்து முரடனுக்கு, முரடனை முதலில் சாப்பிட்டால் சாது வாயில் செத்துப்போகும். எதில் சுற்றி வைப்பது? பிளாஸ்டிக்கில் வைக்கக் கூடாது, அது வேர்க்கும், காகிதத்தில் சுற்ற வேண்டும். வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தன் ஓய்வூதியம் வாங்க வந்த ஒருவர் எல்வேசியோவிடம், "நேத்து தலேஜ்ஜோ சீஸுக்குப் பேரிக்காயா, சோளமாவுக் கூழா?" என்று விசாரித்ததை நானே கேட்டேன்.

ஜூனில் எல்வேசியோ தன் வீட்டுக்கு ஒரு மேசை வாங்கினார். அதுவரை அங்கே ஒரு மேசைகூட இல்லை என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. இரண்டு நாற்காலியும் வாங்கினார். ஒரு ஞாயிறு மதியம் ரொசால்பாவைச் சாப்பிட அழைத்தார். காலையிலேயே ஆறு வகைச் சீஸை வெளியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் எடுத்த மணியைச் சீட்டில் எழுதி நிறுத்தியிருந்தார். நல்ல வெயில் நாள். பன்னிரண்டு மணிக்கு அவள் போனபோது, அதில் இளகல் வகையான ஸ்ட்ராக்கீனோ உருகி, தட்டிலிருந்து இறங்கி மேசைவிரிப்பில் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கையில் கரண்டியோடு எல்வேசியோ, அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல்.

"போக்குவரத்தை நிறுத்து!" என்று கத்தினாள் ரொசால்பா.

அவர் பழக்கதோஷத்தில் இடக்கையை நீட்டி நிறுத்தும் சைகை காட்டினார். சீஸ் நிற்கவில்லை. இருவரும் ரொட்டியோடு மேசையின் இரு பக்கமும் மறித்து, வழித்து வழித்துத் தின்றார்கள். அவள் அவரை 'நீ' என்று கூப்பிட்டது அப்போதுதான். அவருக்கு அது உறைக்க மூன்று வாய் ஆனது. உறைத்ததும் காது இரண்டும் சிவந்துபோனதாம். "தக்காளிச் சாறுல முக்கின மாதிரி," என்று மறுநாள் என் கடையில் ரொசால்பா சொன்னாள், சொல்லும்போது அவளுடைய காதும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

"அவரையும் உன்னை 'நீ'ன்னு கூப்பிடச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேனே! 'சரி, நீங்க சொன்னா கூப்பிடறேன்'ங்கறான்!"

செப்டம்பரில் நகராட்சி மண்டபத்தில் கல்யாணம். நத்சரேனோ மாப்பிள்ளைக்கு முடி வெட்டினான். தர்ச்சீசியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டான். கேக்குக்குப் பதில் சீஸ் வட்டுகளை அடுக்கி ஐந்தடுக்குக் கோபுரம் கட்டினோம். எல்வேசியோ அதன் சாய்வை நாடாவால் அளந்து பார்த்து, "பரவாயில்ல, இருக்கட்டும்," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் நகரசபைத் தலைவர் தோளில் போட்டிருந்த பதவிப் பட்டையை நழுவவிட்டார். செரிமான மாத்திரை வாங்க அவர் அதன் பிறகு வரவேயில்லை. எனக்கு ஒரு வாடிக்கையாளர் நஷ்டம்.

மறுநாள் இருவரும் அவளுடைய ஊருக்கு ரயிலேறினார்கள். அங்கே அவளுடைய அண்ணன் தம்பிகளுக்கு வடக்கத்திச் சீஸ் கொடுத்து அசத்த வேண்டும் என்று எல்வேசியோவுக்கு ஆசை. நன்றாகப் பழுத்த கோர்கொன்சோலா ஒன்றரைக் கிலோ, நீலப்பூஞ்சணம் நரம்பு நரம்பாக ஓடியது, காகிதத்தில் சுற்றிப் பையில். ஆறு பேர் உட்காரும் பெட்டியறை. ரோமில் ரயில் கிளம்பியபோது அவர்களோடு இன்னும் நாலு பயணிகள் இருந்தார்கள். ஹீட்டர் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. கால்மணி நேரத்தில் ஒரு வக்கீல் ஜன்னலைத் திறந்தார். அரைமணியில் ஓர் அம்மாள் எல்வேசியோவின் காலணியை முறைத்தாள். அடுத்த நிலையத்துக்குள் நாலு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். ரொசால்பா காகிதத்தைப் பிரித்தாள். அண்ணன் தம்பிகளுக்கு ஒரு கிலோ போதும் என்று முடிவாயிற்று. எல்வேசியோ ஷூவைக் கழற்றி எதிர் இருக்கையில் காலை நீட்டி, பேனாக்கத்தியால் பேரிக்காயை நறுக்கினார். அப்போது கதவு திறந்தது. டிக்கெட் பரிசோதகர், மூக்கைப் பிடித்தபடி.

"இங்க யாரு செத்துட்டாங்க?"

"யாரும் இல்ல," என்றார் எல்வேசியோ. "பேரிக்காயோட சாப்பிட்டா உயிர் வரும். உக்காருங்க. ஒரு மணி நேரமா வெளியதான் இருக்கு, பதமா வந்திருக்கு."

பரிசோதகர் நடைபாதையை இரண்டு பக்கமும் எட்டிப்பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தொப்பியைக் கழற்றினார்.